போட்டாச்சு

அன்பு மகனுக்கு,

இங்கே நான் நலம். உன் அம்மா நலம். உன் சேகர் மாமாவின் எட்டுக் கால்விரல்களும் நலம். யார் நலம் விசாரித்தாலும் அவன் இப்படித்தான் சொல்வான் என்பது உனக்குத் தெரியும், நீயும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாய். மீதி இரண்டு விரல்கள் எப்படிப் போயின என்று உனக்கு நாங்கள் சொன்ன கதையில் பாதிதான் உண்மை. மற்ற பாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "ஆங் நைனா, ஆங் நைனா" என்று சொல்லிக்கொண்டே வேறு எதையாவது பார்த்துக்கொண்டிருப்பாய். நானும் பாதியில் தைரியம் போய், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். காகிதத்தில் என்றால் ஆரம்பித்ததை முடித்தாக வேண்டும்.

உன்னை அரக்கோணத்தில் ரயிலேற்றிவிட்டு வந்து பத்து நாளாகிறது. அடுத்த வாரம் குஜராத்தில் அந்த ரசாயன ஃபேக்டரியில் ஒரு ஷிஃப்ட் முழுவதும் உன் பொறுப்புக்கு வருகிறது. செவ்வாய்க்கிழமை அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். "சேஃப்டி ரிஜிஸ்டர்ல ஷிஃப்ட்டுக்கு நாப்பது கட்டம் நைனா. ஒவ்வொண்ணா யாரு போய்ப் பார்த்துகினு இருக்கறது? டீ குடிக்கிற நேரத்துல மொத்தமா டிக் போட்டுட்டுப் போய்கினே இருக்கணும்னு பழைய ஆளுங்க சொல்றாங்க" என்றாய். சிரித்தாய். நானும் சிரித்தேன். வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து உன் அம்மா, "குழம்பே ஊத்தல, எதைப் பிசைஞ்சிகினு கீறீங்க?" என்று கேட்டாள். வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். நீ சொன்னது புதிய விஷயம் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் நானே செய்த வேலை அது. என் குரலிலேயே நீ அதைச் சொன்னதுதான் எனக்கு ஆகவில்லை.

நம் கம்பெனியில் என்ன நடக்கிறது என்று சின்ன வயதில் நீ கேட்டபோது, இரும்புக்கு வெள்ளையடிக்கிறோம் என்று சொல்லியிருக்கிறேன். கரண்ட் கோபுரத்துக்குப் போகும் இரும்புச் சட்டங்களை முதலில் ஆசிட் தொட்டியில் முக்கித் துரு எடுப்போம். பிறகு தண்ணீரில் கழுவி, உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுப்போம். துரு பிடிக்காது. ஆசிட் பக்கம் நிற்பவர்கள் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட வேண்டும். மேலே பட்டால் உடனே கழுவ அங்கேயே ஒரு ஷவர் உண்டு. கழுவின தண்ணீரில் சுண்ணாம்பு போட்டு, ஆசிட் வீரியம் போன பிறகுதான் வெளியே விட வேண்டும். இதற்கெல்லாம் சூப்பர்வைசரான நான் காலையில் குரல் கொடுப்பேன். பூட்ஸ் போட்டாச்சா? போட்டாச்சு. சுண்ணாம்பு போட்டாச்சா? போட்டாச்சு. ஷவருக்குத் தண்ணி போட்டாச்சா? போட்டாச்சு சார். நான் டிக் போடுவேன். ஆபீசிலிருந்து மேனேஜர், ரிஜிஸ்டர் போட்டாச்சா என்று கேட்பார். போட்டாச்சு என்பேன். ஒரு நாளைக்கு நூறு முறையாவது அந்த இடத்தில் அந்தச் சொல் கேட்கும். எதை, எங்கே, யார் போட்டது என்று எழுந்து போய்ப் பார்த்தவர் யாருமில்லை.

அந்த ஒரு சொல் ஆடி மாதத்தில் மட்டும் இடித்தது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பவர்கள் மாலை போட்டுவிடுவார்கள். மாலை போட்டவன் காலில் எதையும் போட மாட்டான். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அந்த நாட்களில் கழுத்தில் மாலையும் வெறுங்காலுமாக ஆசிட் தொட்டிப் பக்கம் நிற்பார்கள். நான் மாலை போட்ட வருஷங்களில் நானும் அப்படித்தான் நின்றேன். "சாமி விஷயத்துல நாம தலையிட வேணாம், ரிஜிஸ்டர் மட்டும் கிளீனா இருக்கட்டும்" என்பார் அன்றைக்கு இருந்த மேனேஜர். எனக்கும் அது சரியாகவே பட்டது. விரதத்தில் இருப்பவனைப் பார்த்து பூட்ஸ் போடு என்று சொன்னால் பாவம் என்று பயந்தேன். அவன் போட்டிருக்கிறான் என்று பொய் எழுதுவது பாவம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. இப்படி ஒரு கணக்கு எந்த ஊரில் செல்லும் என்று எனக்குத் தெரியாது, நம் ஊரில் செல்லுபடியானது.

உன் மாமா அந்த வருஷம் மாலை போட்டது உனக்காக. நீ பத்தாவது படிக்கும்போது மஞ்சள் காமாலை வந்து, திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் கண்ணெல்லாம் மஞ்சளாகப் படுத்திருந்தாயே, அப்போது உன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, பையன் எழுந்துவிட்டால் மூன்று வருஷம் புஷ்பக் காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டான். அது மூன்றாவது வருஷம். நீ பன்னிரண்டாவது, ஹாஸ்டலில் இருந்தாய். அம்மையார்குப்பத்திலிருந்து காலை டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியவன், என்னைத் தாண்டி உள்ளே போகும்போது, "இன்னும் ஆறு நாளு பாவா, அப்புறம் உங்க பூட்ஸை ராத்திரிகூட கழட்ட மாட்டேன்" என்று கிண்டலடித்தான். அக்கா புருஷன் என்றாலும் வேலையிடத்தில் சார் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், கேட்க மாட்டான். அவன் பெயருக்கு எதிரே பூட்ஸ் கட்டத்தில் டிக் போட்டேன். அடுத்த பக்கத்தில் அவசர ஷவர், தண்ணீர் வருகிறது என்ற கட்டத்திலும் டிக் போட்டேன்.

பதினோரு மணி வாக்கில் லாரியிலிருந்து புது ஆசிட் இறக்கிக்கொண்டிருந்தார்கள். தொட்டிக்குப் போகும் ரப்பர் குழாயின் இணைப்பு பிய்த்துக்கொண்டது. மேலே தெறிக்கவில்லை, அதுவரைக்கும் நல்லது. தரையில் கொட்டியது. மாமா அதன் நடுவில் நின்றான். பூட்ஸ் போட்டிருந்தால் திட்டிக்கொண்டே நடந்து வெளியே வந்திருப்பான். அவன் நொண்டிக்கொண்டு ஷவருக்கு ஓடிப் பிடியை இழுத்தான். ஷவரிலிருந்து காற்றும் கொஞ்சம் துருவும் வந்தன. தண்ணீர் வரவில்லை. அடுத்த தண்ணீர்க் குழாய் இரும்பு அடுக்கி வைத்திருந்த கொட்டகைக்குப் பின்னால். நானும் இன்னும் இரண்டு பேரும் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். போய்ச் சேர எத்தனை நிமிஷம் ஆனது என்று நான் எந்த ரிஜிஸ்டரிலும் எழுதவில்லை. அவனுக்குச் சர்க்கரை உண்டு, புண் ஆறவில்லை. மூன்று வாரம் கழித்து இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

இதுவரை உனக்கு ஏறக்குறையத் தெரியும். இனி தெரியாதது. விபத்துக்கு மறுநாள் மேனேஜர் ஒரு காகிதம் டைப் அடித்து என்னிடம் கொடுத்தார். ஷிஃப்ட் ஆரம்பத்தில் பாதுகாப்புக் காலணி அணிந்திருந்தேன், இடையில் நானாகவே கழற்றிவிட்டேன் என்று மாமா சொல்வதாக அதில் இருந்தது. ரிஜிஸ்டரில் டிக் இருக்கிறதே, அதோடு ஒத்துப்போக வேண்டும் அல்லவா. நான் போட்ட டிக் என் மச்சானுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. ரிஜிஸ்டர் பொய் என்று தெரிந்தால் என் வேலை போகும், கம்பெனியை மூடச் சொல்வார்கள், எல்லோர் பிழைப்பும் போகும் என்றார் மேனேஜர். கடைசி இரண்டும் எனக்குக் காதில் விழுந்ததா என்றுகூட ஞாபகமில்லை. என் வேலை என்பது மட்டும் விழுந்தது. காகிதத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாமா பேப்பரில் விளம்பரம்கூட விடாமல் படிக்கிறவன். அன்றைக்கு வலியில் முகம் வெளுத்துக் கிடந்தவன், என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான். காகிதத்தை நீட்டினேன். "எங்க போடணும் பாவா?" என்று மட்டும் கேட்டான். படித்துப் பார் என்று நான் சொல்லவில்லை. டிபன் பாக்ஸ் மூடியின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். "பாவா கொண்ணாந்தா அதுல படிக்கறதுக்கு இன்னா கீது" என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் சொன்னான். நான் அவசரமாக வெளியே வந்துவிட்டேன்.

அந்த ஆறாம் நாள், கிருத்திகையன்று, உன் அம்மா தம்பியின் காவடியைத் தான் எடுத்துக்கொண்டு மலையேறினாள். நான் பின்னால் போனேன். படியெல்லாம் வெறுங்கால்கள்தான் என் கண்ணுக்குத் தெரிந்தன. சந்நிதியில் என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் விபூதி வாங்கிக்கொண்டு இறங்கினேன். உன்னிடம், மாமா சூடு தாங்காமல் பூட்ஸைக் கழற்றிவிட்டான், கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று சொன்னேன். லீவுக்கு வந்த நீ அவனிடம் போய், "ஏன் மாமா கழட்டினீங்க" என்று கோபித்துக்கொண்டாய். அவன் உன் தலையைத் தடவிவிட்டு கொய்யாப்பழம் வெட்டப் போய்விட்டான். காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பது அப்போதே அவனுக்குத் தெரிந்திருக்கும் என்று எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

அதோடு நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. நான் மாற இன்னொரு ஆள் வர வேண்டியிருந்தது. ஐப்பசி மழையில் கம்பெனிக்குக் கீழ்ப்பக்கம் நிலம் வைத்திருக்கும் கன்னியம்மா கேட்டுக்கு வந்தாள். ஒரு கையில் பழுத்துப்போன நாற்றுக் கட்டு, இடுப்பில் ஒரு குடம். "உங்க ஆளுங்க சுண்ணாம்பு போட்டாச்சு, போட்டாச்சுன்னு சொல்லிகினே கீறாங்க சார். எங்க கெணத்துல தண்ணி நாக்குல வெக்க முடியல" என்றாள். தினமும் போடுகிறோம் அம்மா, ரிஜிஸ்டர் இருக்கிறது, காட்டுகிறேன் என்று நான் முறைப்பாகச் சொன்னேன். எனக்கு முன்கோபம் அதிகம் என்பது உனக்குத் தெரியும். பொய் சொல்லும்போது இன்னும் அதிகம் வரும். அவள் குடத்தை இறக்கி வைத்தாள். "ரிஜிஸ்டரு எனக்கு எதுக்கு சார்? இது உங்க கால்வாய்ல மொண்டது. சுண்ணாம்பு போட்டது நெசம்னா செருப்பைக் கழட்டிட்டு இதுல காலை வைங்க" என்றாள். வாட்ச்மேன் சிரித்தான். நான் செருப்பைக் கழற்றப் போனேன், முடியவில்லை. குடத்துக்கு முன்னால் நிற்கும்போது உன் மாமாவின் கால்தான் தெரிந்தது. அவள் குடத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

அந்தக் குடத்தை நான் தொட்டிப் பக்கம் எடுத்துப்போய் வைத்தேன். ஆசிட் இருக்கிறதா என்று பார்க்கும் காகிதச் சுருள் ஸ்டோரில் பிரிக்காமலே கிடந்தது. ஒரு துண்டு கிழித்துக் குடத்தில் நனைத்தேன். ரத்தச் சிவப்பாகிவிட்டது. மறுநாளிலிருந்து சுண்ணாம்பு போட்டாச்சா என்று கேட்பதை விட்டேன். தண்ணீரைத் திறப்பதற்கு முன் ஒரு துண்டுக் காகிதத்தை நனைத்துக் கொண்டுவா, பச்சையாக இருந்தால் ஆசிட் இல்லை, திற என்றேன். அந்தத் துண்டை ரிஜிஸ்டரில் டிக் போடும் இடத்தில் பசை தடவி ஒட்டினோம். ஷவருக்கும் அப்படியே. காலையில் ஷவரைத் திறந்து ஒரு பக்கெட் தண்ணீர் பிடித்து என் மேஜைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். பக்கெட் வராமல் ஷிஃப்ட் இல்லை. முதல் மாதம் என்னைப் பைத்தியம் என்றார்கள். பக்கெட் சார் என்று பெயர் வைத்தார்கள், இன்னும் இருக்கிறது அந்தப் பெயர். கால்வாயை மூடி, தண்ணீரை மறுபடி கழுவுவதற்கே எடுக்கும்படி இன்னொரு தொட்டி கட்ட வைப்பதற்குள் இரண்டு மேனேஜர்கள் மாறிவிட்டார்கள். கன்னியம்மாவின் கிணறு சரியாவதற்கு நான்கு மழைக்காலம் ஆனது. அவளிடம் நன்றியெல்லாம் கிடையாது, எங்கே கிடைக்கும். குடத்தை மட்டும் திருப்பிக் கேட்டு வாங்கிப் போனாள்.

ஆடிதான் கஷ்டம். மாலை போட்டவர்களை பூட்ஸ் போட வைக்க எனக்கு மனமில்லை, வாய்ப்பும் இல்லை. இதற்கு வழி சொன்னது உன் மாமாதான். ஆறு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பியவனை ஆசிட் பக்கம் விடாமல், வெளி யார்டில் இரும்புச் சட்டங்களுக்கு நம்பர் எழுதிய சீட்டுக் கட்டும் வேலையில் போட்டிருந்தோம். "முருகன் கால்ல எதுவும் போடாதன்னுதான் சொன்னாரு பாவா. ஆசிட்டுக்கிட்ட போய் நில்லுன்னு சொல்லவே இல்லியே. அவங்களையெல்லாம் எங்கிட்ட அனுப்புங்க, சீட்டு கட்டட்டும்" என்றான். ஆனி முடிவதற்குள் யார் யார் மாலை போடப்போகிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டோம். உற்பத்தி குறையும் என்று ஆபீசில் குதித்தார்கள். குறைந்தது. அந்த நாட்களுக்கு ஆர்டரைத் தள்ளி வாங்கப் பழகிக்கொண்டார்கள். யார்டுக்கும் தொட்டிக்கும் நடுவில் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு போட்டோம். வெறுங்கால் அதைத் தாண்டக் கூடாது. ஆடி முழுவதும் கோட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பான் உன் மாமா. தாண்டப் பார்ப்பவனிடம் பேசமாட்டான், இடது காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டுவான், அவ்வளவுதான்.

உனக்கு ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், உபதேசம் என்று நினைத்தாலும் பரவாயில்லை. காகிதம் ஒட்டுவது, பக்கெட் எல்லாம் சின்ன விஷயம். நான் உண்மையில் கற்றுக்கொள்ள நாளானது வேறு. ஒரு நாள் பக்கெட் வரவில்லை. ஷவர் குழாய் அடைத்துக்கொண்டது என்று ஒருத்தன் வந்து சொன்னான். நான் அவனைத் திட்டினேன். மறுநாள் பக்கெட் வந்துவிட்டது. போய்ப் பார்த்தால் குழாய் அடைத்தபடியேதான் இருக்கிறது, டீக்கடைக் குழாயில் பிடித்து வந்திருக்கிறான். அவன் மேல் தப்பு இல்லை, நான்தான் அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தேன். கட்டம் காலியாக இருந்தால் திட்டாதே, மகனே. திட்டினால் அடுத்த நாள் டிக் வந்துவிடும், தண்ணீர் வராது. இல்லை என்று வந்து சொல்பவனை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடு. நாற்பது கட்டத்தையும் முதல் நாளே நீ பார்க்க முடியாது, தெரியும். தினமும் நாலு கட்டத்துக்கு எழுந்து போ. எது என்று முன்கூட்டிச் சொல்லாதே. பார்க்காத கட்டத்தில் பார்க்கவில்லை என்று எழுது. உன் மேலதிகாரி முறைப்பார். முறைக்கட்டும்.

இதையெல்லாம் நீ இன்டர்வியூவில் சொன்னாயாம், எங்கள் நைனா டிக் போட மாட்டார், காகிதம் ஒட்டுவார் என்று. அதைச் சொல்லி வேலை வாங்கியவனே டீ குடிக்கும் நேரத்தில் நாற்பது டிக் என்கிறாயே என்று உன்னைக் கேலி செய்ய வாயெடுத்தேன், முடியவில்லை. ஏனென்றால் நான் சரிசெய்ததெல்லாம் தண்ணீரையும் தரையையும்தான். அந்தப் பழைய காகிதம் அப்படியே ஃபைலில் இருக்கிறது. அது மட்டுமா? புதிதாகச் சேர்பவர்களுக்கு வருஷா வருஷம் பாதுகாப்பு வகுப்பு எடுப்பது நான். அதில் ஒரு படம் காட்டுவேன், முகம் இல்லாமல் ஒரு கால் மட்டும். தானாகவே காலணியைக் கழற்றியதால் இவருக்கு நேர்ந்தது என்று என் வாயால் சொல்வேன். கடைசி வரிசையில் உன் மாமா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பெயர் சொல்வதில்லை என்று என்னை நானே சமாதானம் செய்துகொள்வேன். அவன் எழுந்து நடந்தால் பெயர் எதற்கு?

போன மாதம் நடந்த வகுப்பு என் கடைசி வகுப்பு, அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறேன். முடிந்து எல்லோரும் எழுந்தபோது, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அவன் நடப்பதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, அது நீங்கதானா? ஏன்ணா கழட்டினீங்க?" என்று கேட்டாள். மாமா திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு அவளிடம், "வேர்த்திச்சிம்மா. கழட்டிட்டேன். நீ கழட்டாத" என்றான். எனக்காக அவன் சொன்ன பொய் அது. பத்து வருஷத்துக்கு மேல் தெரிந்தே சுமந்திருக்கிறான், ஒரு தடவைகூட என்னிடம் கேட்டதில்லை. அவமானத்தில் என்னால் புரொஜெக்டர் ஒயரைக்கூடச் சுருட்ட முடியவில்லை. அதற்குப் பிறகும் மூன்று வாரம் சும்மா இருந்தேன் பார், அப்படிப்பட்ட ஆள் உன் நைனா. நீ செவ்வாய்க்கிழமை போனில் சிரித்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு பக்கம் கம்பெனிக்கு எழுதினேன். அன்றைக்கு அவன் பூட்ஸ் போடவே இல்லை, போடவில்லை என்று தெரிந்தே நான் டிக் போட்டேன், ஷவரைப் பார்க்காமலே டிக் போட்டேன், ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் படிக்க விடாமல் கையெழுத்து வாங்கினேன், இனி வகுப்பில் அந்தப் படத்துக்குக் கீழே இதைத்தான் சொல்ல வேண்டும் என்று. மாமாவின் கையெழுத்தும் அதில் வேண்டும், பழையது பொய் என்று சொல்ல வேண்டியவன் அவன்தானே. உன் அம்மாவிடம் காட்டினேன். படித்து முடித்துக் காகிதத்தை மடித்துக் கொடுத்தாள். பிறகு, "எந்தம்பி காலைப் பார்த்துகினே இத்தினி வருசம் எங்கூட சோறு தின்னீங்களா?" என்றாள்.  இந்த முப்பது வருஷத்துக்கு மேலான வேலைக்குக் கம்பெனியில் போடுவதாக இருந்த சால்வையும் மாலையும் இனி இருக்குமா என்று தெரியாது. இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

இதுவரை எழுதியது வியாழக்கிழமை. இன்று ஞாயிறு. காலையில் அம்மையார்குப்பம் போய்விட்டு வந்தேன். மாமா வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தான், பக்கத்து வீட்டில் பவர்லூம் ஓடிக்கொண்டிருந்தது. காகிதத்தை நீட்டினேன். பேனாவையும் நீட்டினேன், பழக்க தோஷம். அவன் பேனாவை வாங்கவில்லை. டிவியை நிறுத்திவிட்டு, "படிங்க பாவா" என்றான். நீயே படித்துக்கொள் என்றேன். "இல்ல, நீங்க படிங்க. முழுசா படிங்க. இந்தத் தபா கேட்டுட்டுத்தான் போடுவேன்" என்றான். தறிச் சத்தத்துக்கு மேல் குரலெடுத்துப் படிக்க வேண்டியிருந்தது. தெருவில் போனவர்களுக்கும் கேட்டிருக்கும்.  ஷவரில் தண்ணீர் வரவில்லை என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினான். "நான் ரெண்டு தபா இழுத்தேன். அதையும் எழுதுங்க" என்றான். எழுதினேன். "ரெண்டாவது தபா இழுக்கறப்போ உங்களைத்தான் கூப்ட்டேன். அதை எழுத வேணாம்" என்றான். அப்போது நான் அழுதுவிட்டேன், அவன் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

கடைசி வரி வரைக்கும் கேட்டான். பேனாவை வாங்கிக் காகிதத்தைத் தொடையில் வைத்துக் குனிந்தான். நிமிர்ந்து என் கையில் கொடுத்து, "போட்டாச்சு" என்றான். நான் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். போட்டிருந்தான்.

உன் நைனா